தொள்ளாயிரத்தில் இறக்கியிருக்கலாம்

கதிரையை மின்விசிறிப் பக்கம் இழுத்துப் போட்டுத் தந்தீர்களே ஐயா, அதற்கு முதலில் நன்றி. எதிரே இருக்கிறவர் வசதியாக இருக்கிறாரா என்று பார்க்கிற ஆட்கள் இந்தக் காலத்தில் குறைவு. நானும் அப்படிப் பார்க்கிற ஆள்தான். உங்கள் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, கவனித்தீர்களா? உள்ளே கப்பாசிற்றர் பழுதாகியிருக்கும். மாற்றப் பத்து நிமிடம் காணும். இந்த எழுத்து வேலை முடிந்த பிறகு சொல்லுங்கள், செய்து தருகிறேன்.

பெயர் தவநேசன். வயது நாற்பத்திரண்டு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பொலிஸ் ஆட்களின் போன்களும் என்னிடம்தான் வருகின்றன. குறை சொல்லி ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

மேசையில் நீங்கள் வைத்திருக்கும் அந்த நீல மட்டைக் கொப்பியை எனக்குத் தெரியும். அது கஜீபனின் மனைவி பிரசாந்தினியுடையது. அதைக் காட்டித்தான் என்னிடம் வாக்குமூலம் வாங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறை, யாரிடமாவது இதைச் சொல்லிவிடலாம் என்று நானாகவே யோசித்தேன். பொறுமையாகக் கேட்கிற ஆள் அமையவில்லை, அவ்வளவுதான்.

கஜீபனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஆனால் ஊர் அவனை அறிந்தது ட்ரோன் பந்தயத்தால். கல்யாண வீட்டில் தலைக்கு மேல் நின்று படம் எடுக்கிற சாதனத்தை நினைக்காதீர்கள். இது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கார்பன் தகடு. நாலு மூலையிலும் மோட்டார், முதுகில் பற்றரி. நேர் ஓட்டத்தில் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் போகும். அதைப் பறக்க விடுகிறவர் கண்ணை முழுதாக மூடும் ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ட்ரோனின் முன்கமெரா காட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பார். தனக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அதனால் பக்கத்தில் இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும். வெளி உலகத்தை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வருடமாகக் கஜீபனுக்கு அந்தக் கண் நான்தான். அவனுடைய ட்ரோன்களின் வயர் முழுவதும் என் கையால் ஈயம் உருக்கி வைத்ததுதான்.

கொஞ்சம் வேலைக் கதை சொல்ல வேண்டும். அது இல்லாமல் உங்களுக்கு மிச்சம் விளங்காது. பற்றரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும், வழியில் அரிசி மணி அளவான ஒரு மின்தடையைக் கடந்து போகும். கடக்கும்போது அதன் இரண்டு பக்கமும் மிகச் சிறிய வோல்ற் வித்தியாசம் ஒன்று வரும். அதை அளந்து, நாங்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒரு எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, இதுவரை இவ்வளவு செலவாகிவிட்டது என்று கண்ணாடியின் மூலையில் காட்டும். அவனுடைய பற்றரி ஆயிரத்து முந்நூறு மில்லி அம்பியர் மணி கொள்ளும். மூலையில் ஆயிரத்து ஐம்பது வந்தால் இறக்கிவிடுவான். நாங்கள் கொடுக்கும் அந்த எண் சரியா பிழையா என்று ட்ரோனுக்குத் தெரியாது. பறந்து முடிந்து திரும்பச் சார்ஜ் பண்ணும்போது சார்ஜர் எவ்வளவு போட்டது என்று பார்த்து, கண்ணாடி காட்டியதோடு ஒப்பிட்டு, நாங்கள்தான் திருத்த வேண்டும். அந்த ஒப்பிடுகிற வேலையில் நான் ஒரு நாளும் சோம்பல் பட்டதில்லை.

முன்பு மூலையில் வோல்றும் தெரிந்தது. போன வருடம் கொழும்புப் பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவன், கடைசிச் சுற்றில் முழு வேகம் கொடுக்க, வோல்ற் ஒரு கணம் விழுந்து எச்சரிக்கை மின்னியது. பயந்து இறக்கிவிட்டான். பற்றரியில் கால்வாசி மிச்சம் இருந்தது. முழு வேகத்தில் வோல்ற் அப்படித்தான் விழுந்து எழும்பும். திரும்பி வரும் வழியில், பஸ்ஸில், “நேசண்ணா, அந்த வோல்ற் சனியனை எடுத்துவிடுங்கோ. இனி நான் ஒரே எண்ணைத்தான் நம்புவன்” என்றான். எடுத்துவிட்டேன். கேட்டது அவன்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடமே கல்யாணம் முடித்தான். பிரசாந்தினிக்குச் சொந்த இடம் ஈச்சிலம்பற்று. நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறா. முதல் தடவை என் கடைக்கு வந்தபோது, நான் வயர் வைத்துக்கொண்டிருந்ததைக் குனிந்து பார்த்துவிட்டு, “எவ்வளவு முடிஞ்சதெண்டு அதுக்கு எப்பிடி நேசண்ணா தெரியும்?” என்று கேட்டா.

ஆறு வருடத்தில் என்னிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கஜீபன் கேட்டதில்லை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து அவனைப் படம் பிடித்தபோது, “வயர் வேலைக்கு ஒரு ஆள் இருக்கிறார்” என்று அவன் சொன்னான், அந்த ஆள் பக்கத்தில் நிற்க. இவ கேட்டா. நான் அரிசி மணித் தடையைக் குறட்டால் தூக்கிக் காட்டினேன். ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மூன்று மாதத்தில் ஈயம் வைக்கப் பழகிவிட்டா. பற்றரியைப் பொருத்தும் மஞ்சள் பிளக்குக்கு வரும் தடித்த வயரில் ஈயம் ஒழுங்காகப் பிடிப்பது லேசான வேலை இல்லை. சூடு காணாவிட்டால் மேலே பளபளக்கும், உள்ளே பிடித்திருக்காது. அவ வைத்த ஒன்றை நான் குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. என்னுடையதை விட நன்றாக இருந்தது. நல்லதை நல்லது என்று ஒப்புக்கொள்கிறவன் நான்.

கஜீபனுக்கு ஒரு கட்டுப்பாடும் போட்டா. தொள்ளாயிரத்தில் இறக்க வேண்டும். ஆயிரத்து ஐம்பது வரை இழுக்கக் கூடாது. அவன் “ஓம் ஓம்” என்பான். அவ நிற்கும்போது இறக்குவான். போட்டி என்று வந்தால் இன்னும் ஒரு சுற்றுப் போவான். இது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

மாசி மாதம் ஒரு பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். உளுந்து வடையும் பிளேன்ரீயும் தந்தார்கள். கஜீபன் என் முழங்காலில் கையை வைத்துச் சொன்னான்: “நேசண்ணா, உங்களுக்குக் கடையிலயும் வேலை கூட. எவ்வளவு நாளைக்கு எங்களோட இழுபடுவீங்கள்? புது ட்ரோனைப் பிரசாவே முழுக்க வயர் பண்ணிட்டா. பற்றரியும் இனி அவவே சார்ஜ் பண்ணுவா. நீங்கள் வந்து எனக்குப் பக்கத்தில நிண்டால் காணும்.”

அன்பாகத்தான் சொன்னான். எனக்குப் பாரம் குறைகிறது என்று உண்மையாகவே நினைத்தான். நான், “அதுக்கென்ன, நல்லதுதானே” என்றேன். வடை நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய்க் கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். இடத்தை விட்டு எழும்பச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் தடுமாறும்.

அடுத்த வியாழக்கிழமை புது ட்ரோனைக் கடைக்குக் கொண்டுவந்தான். “பிரசாட வேலை, ஒருக்காப் பாத்துத் தாங்கோ” என்றான். லப்டொப்பில் பொருத்தினேன். எல்லாம் சரியாக இருந்தது. அவ கொடுத்திருந்த எண்ணும் அச்சொட்டாகச் சரி. நான் அந்த எண்ணை மாற்றினேன். நாலு செலவானால் மூன்று என்று காட்டும்படி. விரலால் நாலு தட்டு, ஒரு சேமிப்பு. ஒரு வயரையும் அறுக்கவில்லை, ஒரு ஆணியையும் தளர்த்தவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். ட்ரோன் ஒரு தரம் விழ வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவ வயர் வைத்த முதல் ட்ரோன் நடுவழியில் கரண்ட் இல்லாமல் விழுந்தால், ஈயம் பிடிக்கவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். “நேசண்ணா, நீங்களே பாருங்கோ” என்று திரும்பி வருவார்கள். அதோடு, அவனுக்கு நான் ஒரு வழியும் விட்டிருந்தேன். கண்ணாடியில் தொள்ளாயிரம் என்றால் உண்மையில் ஆயிரத்து இருநூறு. அதில் இறக்கினால் ஒன்றும் ஆகாது. மனைவி சொல் கேட்கிற புருஷனுக்கு என் எண்ணால் ஒரு கெடுதலும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்சி. உட்துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கிட்டங்கி ஒன்றின் வளவு. பக்கத்தில் சீனன்குடாவில் விமானப்படை இருப்பதால் எங்கேயும் நினைத்தபடி பறக்க ஏலாது. அந்த வளவுக்குத்தான் அனுமதிக் கடிதம் கிடைத்திருந்தது. கொழும்பில் வரப்போகிற போட்டி ஆறு சுற்று. வெளிநாடு போகிற அணிக்கு அதில்தான் ஆள் எடுப்பார்கள். ஒரு சுற்றுக்கு இருநூறு செலவாகும் என்பதால் ஆறு சுற்றையும் முழு வேகத்தில் போக அவனால் முடிந்ததில்லை. அன்றைக்குப் போனான். ஆறாவது முடிய மூலையில் தொள்ளாயிரம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியை இரண்டு கையாலும் தூக்கிச் சுற்றினான். “பாத்தீங்களா நேசண்ணா? இவ வயர் வச்சதில கரண்ட் எவ்வளவு மிச்சம்! ஆறு வருஷமா நாங்கள் சும்மா வீணாக்கியிருக்கிறம்.”

ஆறு வருஷமா வீணாக்கியிருக்கிறோம் என்றான். நான் கை தட்டினேன்.

சனிக்கிழமை அதே வளவு, பகல் மூன்று மணி. நல்ல வெயில். நேரம் குறித்துப் பார்க்கிற நாள் என்பதால் ட்ரோன் சங்கத்துப் பெடியள் ஏழெட்டுப் பேர் வந்து பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நின்றார்கள். கஜீபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தான். நான் பக்கத்தில். ஐந்து சுற்று. ஆறு சுற்று. ஆறாவது கோட்டைத் தாண்டும்போது, “தொள்ளாயிரம்” என்று வாய்விட்டுச் சொன்னான். சொல்லிவிட்டு இறக்கவில்லை. இன்னும் நூற்றைம்பது இருக்கிறது, கண்ணாடி காட்டுகிறபடி ஒரு சுற்றுக்குச் சரியாகக் காணும் என்று கணக்குப் பார்த்திருப்பான். கணக்கில் பிழை இல்லை. ஏழாவது சுற்றில் நேர் ஓட்டம் முடிகிற இடத்தில், தூரத்து வளைவுக்குள் திரும்ப வேண்டிய நேரத்தில், மோட்டார் சத்தம் அறுந்தது. திரும்பச் சக்தி இல்லாத ட்ரோன் வந்த வேகத்திலேயே நேராகப் போனது.

கரண்ட் போனால் பக்கத்தில் நிற்கிறவர் “விழுது!” என்று கத்த வேண்டும். அது எங்கள் வழக்கம். நானும் கத்தினேன். கொஞ்சம் பிந்திவிட்டது என்று பெடியள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

கார்பன் தகட்டின் விளிம்பு பிரசாந்தினியின் இடது கண்ணில் பட்டது. அவ தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறா. வலது கையில் இரண்டு விரல் நரம்பு அறுந்தது. எல்லோரும் ஓடினார்கள். கஜீபனுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. மனைவி வழமைபோலத் தனக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறா என்று நினைத்து, “பிரசா, பிரசா, எங்க விழுந்தது?” என்று பின்பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான்தான் அவன் கண்ணாடியைக் கழற்றி, தோளைப் பிடித்து, முகத்தைத் திருப்பிவிட்டேன்.

அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, ட்ரோனை எடுத்துத் துடைத்தேன். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே இடத்தில் லப்டொப்பைத் திறந்து அவ கொடுத்திருந்த சரியான எண்ணைத் திரும்பப் போட்டேன். எதையும் இருந்தபடியே திருப்பிக் கொடுப்பதுதான் என் வழக்கம்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. விரல்கள் மடியும், ஆனால் குறடு பிடிக்காது. அதற்குப் பிறகு எட்டு மாதமும் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போவேன். கண்ணுக்கு மருந்து விடும் நேரத்தைக் கஜீபன் மறந்தாலும் நான் மறக்கவில்லை. அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுவான். “அவ தொள்ளாயிரத்தில இறக்கச் சொன்னவ அண்ணா. நான் கேக்கேல்லை. நான்தான் அவட கண்ணை எடுத்தனான்.” நான் முதுகைத் தடவிக்கொண்டு, “நீ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே தம்பி” என்பேன். கொஞ்ச நேரம் விட்டு, “தொள்ளாயிரத்தில இறக்கியிருக்கலாம்தான்” என்பேன். கிழமைக்கு ஒரு தரம். அதற்கு மேல் சொன்னதில்லை. அவன் மெலிந்துகொண்டு போனான். கயிறும் கையுமாக ஒரு நாள் பிடித்தோம். நான்தான் கயிற்றை வாங்கி வைத்தேன். ஆறுதல் சொல்வதில் எனக்கு யாரும் குறை காண முடியாது.

ஒரு சொல் சொன்னால் அவனுக்குப் பாரம் இறங்கியிருக்கும் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவன் ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னோடு மணிக்கணக்கில் இருந்து கதைத்தான். நான் எழும்பினால், “இன்னும் கொஞ்சம் இருங்கோ நேசண்ணா” என்று கையைப் பிடித்தான். ஐப்பசியில் திரும்பப் பறக்கச் சம்மதிக்க வைத்தேன். அவவுக்காகப் பற என்றேன். புது ட்ரோனை அவர்கள் வீட்டு மேசையில் வைத்தே வயர் பண்ணினேன். பிரசாந்தினி பக்கத்தில் இருந்து, ஈயம் உருகும் மணத்தை மூச்சில் இழுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தா. எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

அப்போதுதான் அவ இந்தக் கொப்பியைத் தேடி எடுத்திருக்கிறா. மிச்சமிருக்கும் கண்ணால் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறா. வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குப் பிறகு அந்தப் பற்றரியைத் தானே சார்ஜ் பண்ணியிருக்கிறா. கண்ணாடி தொள்ளாயிரம், சார்ஜர் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, ‘நேசண்ணாவிடம் கேட்க வேண்டும்’ என்று குறித்திருக்கிறா. நீங்கள் அந்தப் பக்கத்தைத்தான் மடித்து வைத்திருக்கிறீர்கள்.

கேட்டாவா என்று அறிய விரும்புகிறீர்கள். கேட்டா. சனிக்கிழமை, கஜீபன் கண்ணாடியைப் போட்ட பிறகு, கொப்பியோடு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டா: “நேசண்ணா, நேற்றையான் சார்ஜ் கணக்கு ஒத்து வரேல்லை. எண் மாறிப்போச்சோ? அவரை நிப்பாட்டச் சொல்லட்டோ?”

நான் சொன்னேன்: “பதறாதீங்கோ தங்கச்சி. பின்னேரம் ரெண்டு பேரும் இருந்து பாப்பம். நீங்கள் சொன்ன மாதிரித் தொள்ளாயிரத்தில இறக்கினால் ஒண்டும் நடக்காது.” இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, ஐயா. பின்னேரம் இருந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் அவ கண்டுபிடித்திருப்பா. அவ்வளவு கெட்டிக்காரி. என் வேலையை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவதான். கண் போன வேதனையில் அந்தப் பேச்சு அவவுக்கு எட்டு மாதம் மறந்திருக்க வேண்டும்.

அவவுக்குக் கெடுதல் செய்ய எனக்கு ஒரு நாளும் மனம் வராது. வளைவுக்கு வெளியே ஆள் நிற்கக் கூடாது என்பது எங்களுக்குள் இருக்கும் கட்டுப்பாடு. ஏழாவது சுற்றின் அரைவாசியில் பற்றரி முடியும் என்பதும், சுற்றின் அரைவாசி அந்த வளைவுதான் என்பதும் எனக்குத் தெரிந்த விடயங்கள். அவ அங்கே போய் இருந்தது அதற்காக இல்லை. வெயில். வேறு ஒரு காரணமும் இல்லை. அவவின் முகம் சிவந்துபோய் இருந்தது. வளவில் நிழல் என்று இருந்தது வளைவுக்கு வெளியே நிற்கிற அந்தப் புளியமரம் ஒன்றுதான். “அங்க இருந்து சுற்றை எண்ணுங்கோ, நல்லாத் தெரியும்” என்றேன். வலைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்ரிக் கதிரையை நானே தூக்கிக்கொண்டு போய், தூசியைத் துடைத்து, மரத்தின் கீழ் ஆடாமல் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு அவ நன்றி சொன்னவ. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.